எண்பது வயதும் இருபத்தைந்து வயதும் ஐசியூவுக்குள் போனால்

ஐசியூ வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் இரண்டு பேச்சு எப்போதும் காதில் விழும். “எண்பது வயசாச்சு, இனிமே எதுக்கு இந்தக் குழாயெல்லாம்” என்பது ஒன்று. “சின்ன வயசுப்பா, தாங்கிடுவான்” என்பது இன்னொன்று. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், இரண்டிலும் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை முழுசாக நம்பி முடிவெடுக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதுதான், வயசு என்ற ஒரே எண்ணை வைத்து நாம் எவ்வளவு தூரம் கணக்குப் போட்டுவிடுகிறோம் என்று தோன்றும்.

முதலில் அந்த எண்ணுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். வயதானவர்கள் ஐசியூவில் அதிகம் இறக்கிறார்கள், இதில் சந்தேகமே இல்லை. 2020-இல் கொரோனாவின் முதல் அலை இத்தாலியின் லொம்பார்டி மாகாணத்தைப் புரட்டிப்போட்டபோது, ஐசியூவில் சேர்ந்த 1,591 பேரின் விவரத்தை அங்குள்ள மருத்துவர்கள் வெளியிட்டார்கள். வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவருக்கு 63. மார்ச் 25 வரையிலான கணக்கில், 64 வயதும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 36 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், அதற்குக் கீழே இருந்தவர்களில் 15 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்போதும் ஐசியூவிலேயே கிடந்ததால் இது இறுதிக் கணக்கு இல்லை, ஆனாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

ஐசியூ என்ற ஏற்பாடே முதியோருக்காக உருவானதில்லை. 1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ வெறியாட்டம் போட்டது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை முடங்கி வந்தவர்களில், இருந்த சில இயந்திரங்களில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துபோனார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போடச் செய்து, பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்று செலுத்திக் காட்டினார். பிழைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் சுமார் 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு, வாரக்கணக்கில் பையை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், இறப்பு விகிதமும் பாதிக்குக் கீழே இறங்கியது. இன்றைய ஐசியூவின் தொடக்கம் அதுதான்.

அந்தச் சிறுமியின் உடம்பில் கெட்டுப்போனது ஒன்றே ஒன்று, மூச்சுவிடும் தசை. இதயம், கிட்னி, மூளை எல்லாம் புத்தம் புதுசு. கெட்டது சரியாகும் வரை வெளியிலிருந்து ஒருவர் அந்த வேலையைச் செய்தால் போதும். ஐசியூ இன்றைக்கும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்தாது, டயாலிசிஸ் கிட்னியைச் சரிசெய்யாது, இரண்டும் அவகாசம் வாங்கிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் உடம்பு தானாக எழுந்து வர வேண்டும். எழுந்து வருவதற்கு உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தோராயமான பதிலாகத்தான் நாம் வயசைக் கேட்கிறோம்.

எவ்வளவு தோராயம் என்பதற்கு ஒரு கணக்கு. உலகம் முழுக்க ஐசியூக்களில் நோயின் தீவிரத்தை அளக்க 1985-இல் வந்த ‘அபாச்சி 2’ என்ற மதிப்பெண் முறை இன்றும் புழங்குகிறது. அதிகபட்சம் 71 மதிப்பெண், கூடக்கூட ஆபத்து. அதில் வயசுக்கு எவ்வளவு? 44 வயது வரை பூஜ்யம், 65 முதல் 74 வரை 5, 75-க்கு மேல் எவ்வளவு வயதானாலும் 6. அவ்வளவே. ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து கிட்னி வடிகட்டும் கழிவு), நினைவு நிலை மாதிரி அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு 60 வரை போகும். ஆக, பிபி விழுந்து நினைவு தப்பி வரும் 30 வயதுக்காரர், நிமோனியாவோடு வந்தாலும் நன்றாகப் பேசும் 78 வயதுக்காரரைவிட அதிக ஆபத்தில் இருக்கலாம்.

இளம் உடம்பு ஏமாற்றும். இதை டெங்கு வார்டில் வேலை செய்த எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார்கள். பையனுக்கு இருபது வயது, ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிபி 100/80. மேலே இருக்கும் 100-ஐப் பார்த்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20 தான், கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது, இளம் உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்து பிபியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிடி நழுவும்போது படிப்படியாக நழுவாது, ஒரேயடியாகக் கீழே போய்விடும். வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், பப்பாளி இலைச் சாறு ஒரு பக்கம் ரெடியாகிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு எண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்பவர் யாருமில்லை, உண்மையில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வயதான உடம்பு வேறு மாதிரி ஏமாற்றும். கடுமையான கிருமித் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். நாடித்துடிப்பு 70-லேயே நிற்கும், ஏனென்றால் பிரஷருக்கோ இதயத்துக்கோ தினமும் சாப்பிடும் மாத்திரை அதை ஏறவிடாது. பிபி 110 என்று மானிட்டர் காட்டும், எழுதிவைத்தால் நார்மல், ஆனால் அந்த அம்மாவுக்கு வழக்கமாகவே 160 என்றால் 110 என்பது பெரிய சரிவு. முதல் அறிகுறி பெரும்பாலும் பேச்சில்தான் தெரியும். “நேத்துலேர்ந்து ஆளை மாத்தி மாத்திக் கூப்பிடுறாங்க”, “சாப்பிட்டதை மறந்துட்டு சாப்பாடு கேக்குறாங்க” என்று வீட்டில் சொல்வார்கள். வயசானா அப்படித்தான் என்று விட்டுவிட்டு, மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் கொண்டுவரும்போது கிட்னியும் சேர்ந்து போயிருக்கும். இரண்டு நாளில் திடீரென வந்த குழப்பம் வயசால் வருவதில்லை.

கிட்னி என்றதும் இன்னொன்று. லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.0 என்று இருந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 25 வயது, 70 கிலோ எடையுள்ள இளைஞருக்கு அதே 1.0 என்றால் கிட்னி நிமிடத்துக்குச் சுமார் 112 மில்லி வடிகட்டுகிறது. 80 வயது, 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அதே 1.0 என்றால் சுமார் 35 தான். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு, அதனால் எண் அழகாகத் தெரிகிறது. ஆன்டிபயாடிக் முதல் தூக்க மருந்து வரை ஒரே டோஸைக் கொடுத்தால் ஒருவருக்கு அது சரியாகப் போகும், இன்னொருவருக்கு உடம்பிலேயே தேங்கிப் போகும்.

பிபியை எவ்வளவில் வைப்பது என்பதிலும் வயசு பழைய நம்பிக்கைகளைக் கொஞ்சம் ஆட்டிவைத்தது. முதியோரின் ரத்தக் குழாய் இறுகியது, அதனால் அழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் உறுப்புகளுக்கு ரத்தம் போகும் என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் பிபி விழுந்து ஐசியூவில் இருந்த, 65 வயதும் அதற்கு மேலுமான சுமார் 2,600 பேரிடம் இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தரப்புக்கு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி அழுத்தத்தை 60–65-லேயே விட்டுவைத்து, பிபி ஏற்றும் மருந்தைக் குறைத்தார்கள். 90 நாளில் அவர்களில் 41 சதவீதம் பேரும், வழக்கம்போல் சிகிச்சை பெற்றவர்களில் 43.8 சதவீதம் பேரும் இறந்தார்கள். குறைத்துக் கொடுத்ததால் நஷ்டம் எதுவும் வரவில்லை. வயதானவருக்கு எல்லாமே கூடுதலாகச் செய்தால்தான் அக்கறை என்று நினைக்கும் நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

இனி, உள்ளே மிச்சம் எவ்வளவு என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ராக்வுட் குழு 2005-இல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. உடல் தளர்ச்சியை அளப்பது. இப்போது புழக்கத்தில் இருப்பது 1 முதல் 9 வரை. நன்றாக ஓடியாடுபவர் 1. பணம் கட்ட, மருந்து எடுக்க, வெளியே போய்வர உதவி தேவைப்பட்டால் 5. குளிக்கவும் உதவி என்றால் 6. எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வேண்டும் என்றால் 7. நோய் வந்து படுத்த பிறகு இருக்கும் நிலையைப் பார்ப்பதில்லை, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆள் எப்படி இருந்தார் என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியை நம் ஊர் ஐசியூ வாசலில் கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். “நல்லாத்தான் நடந்துட்டிருந்தார் டாக்டர்” என்று மகன் சொல்வார். எங்கே வரை என்று துருவினால் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை. அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மாமனார் சமைப்பதில்லை, துணி துவைப்பதில்லை, தண்ணீரைக்கூட மருமகள்தான் மொண்டு கொடுக்க வேண்டும். எழுதினால் 6-க்குப் போய்விடும். முடியாமல் செய்யவில்லையா, வாழ்நாள் முழுக்கப் பழக்கமே இல்லாமல் செய்யவில்லையா? தினமும் காலையில் டீக்கடை வரை நடந்துபோய் பேப்பர் படித்துவிட்டு வருகிறார் என்ற தகவல் பேத்தியிடமிருந்து தற்செயலாக வரும், அது இல்லாவிட்டால் அந்த மனிதரின் கணக்கே தப்பாகியிருக்கும். மேற்கத்திய அளவுகோல் நம் கூட்டுக்குடும்பத்துக்குள் வரும்போது, கேட்பவர் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கேட்டால்தான் விடை சரியாக வரும்.

ஐரோப்பாவின் 21 நாடுகளில், 80 வயதைத் தாண்டி ஐசியூவில் சேர்ந்த சுமார் 5,000 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 30 நாளில் மூன்றில் ஒருவர் இறந்தார், மூன்றில் இருவர் உயிரோடு இருந்தார்கள். 80 வயது என்றதும் கையை விரிப்பவர்கள் எதிர்பார்க்கும் எண்ணா இது? யார் போவார், யார் இருப்பார் என்பதற்குத் தளர்ச்சி நல்ல துப்புக் கொடுத்தது. ஆனால் எல்லா முதியவரையும் உள்ளே அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பிரான்சில் 24 மருத்துவமனைகளில், 75 வயதைத் தாண்டிய, அதுவரை நன்றாக நடமாடிய, புற்றுநோய் இல்லாத 3,037 பேரிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். பாதி மருத்துவமனைகளில் தாராளமாக ஐசியூவில் சேர்க்கச் சொன்னார்கள், மீதியில் மருத்துவர்கள் வழக்கம்போல் முடிவெடுத்தார்கள். தாராளமாகச் சேர்த்த இடத்தில் 61 சதவீதம் பேர் ஐசியூவுக்குப் போனார்கள், மற்ற இடத்தில் 34 சதவீதம். ஆறு மாதத்தில் இறப்பு, 45-ம் 39-ம். முதல் தரப்பில் வயதும் நோயும் கொஞ்சம் கூடுதலாக இருந்ததைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஐசியூ முதியோருக்கு வீண் என்று இதைப் படித்தவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலில் நின்று ஆளைப் பார்த்து முடிவெடுத்த மருத்துவர்களின் கண், நாம் சந்தேகப்பட்ட அளவுக்கு மோசமில்லை என்றுதான் படுகிறது.

படுக்கைகள் தீர்ந்துபோகும்போதுதான் சிக்கல் முற்றும். 2020 மார்ச் 6-இல் இத்தாலியின் மயக்க மருத்துவர் சங்கம், தேவைப்பட்டால் ஐசியூவுக்கு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று எழுத்தில் சொன்னது. பெரிய கொந்தளிப்பு. அடுத்த இரண்டு வாரத்தில் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, வயது என்று சொல்லாமல் தளர்ச்சி அளவுகோலைக் கொண்டுவந்தது. மார்ச் 20-இல் வெளியிட்டு, ஐந்தே நாளில் திருத்த வேண்டியதாயிற்று. ஏனென்றால் குளிக்க உதவி தேவைப்படும் 25 வயது மாற்றுத்திறனாளிக்கும் அந்த அளவுகோல் 6 போட்டுவிடும், அவர் உடம்போ உள்ளே கெட்டியாகவே இருக்கும். அந்த அளவுகோல் முதியோருக்காகச் செய்தது, இளையவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போடாதீர்கள் என்று சேர்த்தார்கள். ஜெர்மனியில் மாற்றுத்திறனாளிகள் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய் 2021 டிசம்பரில் ஜெயித்தார்கள், 2022-இல் நாடாளுமன்றம் வயதையும் தளர்ச்சியையும் காரணமாக வைக்கக்கூடாது, இப்போதைக்குப் பிழைக்கும் வாய்ப்பை மட்டும் பார் என்று சட்டம் போட்டது. 2025-இல் அதே நீதிமன்றம், இதற்குச் சட்டம் போட மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று அதைச் செல்லாததாக்கியது.

உள்ளே போன பிறகு இளையவருக்கும் முதியவருக்கும் வரும் தொல்லைகளில் குழப்பநிலை முக்கியமானது, டெலிரியம் என்பார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும். இளையவருக்கு வந்தால் ஊரே அறியும், குழாயைப் பிடுங்குவார், கத்துவார். நம் ஊரில் முப்பது, நாற்பது வயது ஆண்கள் என்றால் இரண்டாம் மூன்றாம் நாள் குடி நின்றதாலும் இப்படி ஆகும். “எப்பவாவது பார்ட்டியில மட்டும்” என்று மனைவி முன்னால் சொல்லியிருப்பார்கள், தினமும் குவார்ட்டர் என்பதைச் சேரும்போதே டாக்டரிடம் தனியாகச் சொல்லியிருந்தால் பாதித் தொல்லை மிச்சம். முதியவருக்கு வருவது பெரும்பாலும் அடங்கிய வகை. பேசாமல் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், “அப்பா இன்னிக்கு அமைதியா இருக்காரு” என்று வீட்டார் நிம்மதியாகப் போவார்கள். மூளை தடுமாறிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பெரிய மருந்து எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றையும் அட்மிஷன் அன்று பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், 24 மணிநேரமும் டியூப்லைட் எரியும் அறையில் படுத்திருந்தால் யாருக்குத்தான் குழம்பாது? நினைவு திரும்பியதும் கண்ணாடியும் காதுக் கருவியும் கொண்டுவரலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். உள்ளே விடும் பத்து நிமிடத்தில் இன்று என்ன கிழமை, பேரனுக்குப் பரீட்சை முடிந்ததா என்று பேசுங்கள். “என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு” என்று பரீட்சை வைக்காதீர்கள்.

தசைக் கரைதல் இன்னொரு அடி. லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து 2013-இல் வெளியிட்டதில், பத்தே நாளில் கிட்டத்தட்ட 18 சதவீதம் கரைந்திருந்தது. இளைஞர் கொஞ்ச மாதத்தில் திரும்ப ஏற்றிக்கொள்வார் என்று நினைப்போம். டொராண்டோவில் நுரையீரல் கடுமையாகப் பாதித்துப் பிழைத்த 109 பேரைப் பார்த்தார்கள், வயது வரிசையில் நடுவில் வருபவருக்கு 45 தான். ஓராண்டு கழித்து 49 சதவீதம் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். நுரையீரல் பெருமளவு தேறிவிட்டது, கைகாலில் பலம்தான் வரவில்லை. முதியவருக்கு நடப்பது போய்விடுகிறது, இளையவருக்குச் சம்பளமும் ஈஎம்ஐயும். “பிழைச்சிட்டான்ல, அப்புறம் என்ன” என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, மாடி ஏறினால் கால் நடுங்குகிறது, ராத்திரி தூக்கத்தில் மானிட்டர் சத்தம் கேட்கிறது என்பதை அவர் யாரிடம் சொல்வார்?

நம் நாட்டில் ஐசியூவில் இருப்பவர்கள் ஐரோப்பாவைவிட இளையவர்கள். 2010–11-இல் நாடு முழுக்க 120-க்கும் மேற்பட்ட ஐசியூக்களில் எடுத்த கணக்கில் பெரியவர்களின் சராசரி வயது 54 தான். பைக் விபத்து, டெங்கு, பாம்புக்கடி, விஷம், பிரசவச் சிக்கல் என்று காரணங்களும் இளையவை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேரச் செலவை, தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்கும்படி செய்தது. அதன்பின் தனியார் மருத்துவமனையிலேயே தொடர்ந்தால், காப்பீடு இல்லாவிட்டால் பில் வீட்டுக்குத்தான். இங்கே வயதைவிடப் பணம்தான் பல சமயம் ஐசியூ கதவைத் திறக்கிறது, மூடுகிறது. மகனுக்கு என்றால் நகையை வைப்பார்கள், நிலத்தை விற்பார்கள், ஏழாம் நாளில் அது தீர்ந்ததும் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்வார்கள். அப்பாவுக்கு என்றால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நடக்கும். சில வீடுகளில் நேர்மாறு. தளர்ச்சி 8-இல் இருக்கும் பாட்டியை, அமெரிக்காவில் இருக்கும் மகன் வந்து முகம் பார்க்கும் வரை வென்டிலேட்டரில் வைத்திருக்கச் சொல்வார்கள்.

மத்திய சுகாதாரத் துறை 2024 தொடக்கத்தில் வெளியிட்ட ஐசியூ சேர்க்கை வழிகாட்டலில் வயது வரம்பு கிடையாது. உறுப்பு செயலிழப்பு, மூச்சு உதவி, நினைவு நிலை போன்றவைதான் அளவு. நோயாளியோ உறவினரோ மறுத்தால், அல்லது ஐசியூ வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைத்திருந்தால் சேர்க்கக்கூடாது என்கிறது. அப்படி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் யாரும் கிட்டேயே போகவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். எழுதிவைக்காதவருக்கும், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து, குடும்பமும் சம்மதித்தால் கருவிகளை விலக்க வழி உண்டு.

இந்த எல்லைக்குப் போகும் முன் ஐசியூ டாக்டர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு, குடும்பங்கள் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் செய்வதா, ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்று முதல் நாளே மல்லுக்கட்டாமல், கெடு வைத்துப் பார்ப்பது. மூன்று நாளோ ஐந்து நாளோ முழு சிகிச்சை. அதற்குள் பிபி மருந்து குறைந்திருக்க வேண்டும், ஆக்ஸிஜன் தேவை இறங்கியிருக்க வேண்டும், கூப்பிட்டால் கண் திறக்க வேண்டும் என்று எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது. கெடு முடியும் அன்று வீட்டில் முடிவெடுக்கும் எல்லோரும் நேரிலோ போனிலோ இருப்பது. எண்பது வயதுக்காரருக்குச் செய்கிற மாதிரியே தலையில் அடிபட்ட இருபத்தைந்து வயதுக்காரருக்கும் செய்யலாம், ஆனால் இளம் மூளை தேற வாரங்கள் ஆகலாம், அங்கே கெடு நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு நீளம் என்று முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் கேளுங்கள், அதோடு பிழைத்து வந்தால் வீட்டில் எந்த நிலையில் இருப்பார் என்பதையும்.